ஏழு குளம் பார்த்த பாவா

தர்பூசணிக் கடையில் யாராவது பழத்தைத் தூக்கிக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வெயில் காலத்தில் பழத்தைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு என் அக்கா புருஷன் முப்பது பழத்தையாவது தட்டுவார். தட்டியதில் மூன்றைத் தனியே வைப்பார். அந்த மூன்றையும் மறுபடி குவியலில் உள்ளதோடு ஒப்பிடுவார். "யோவ், பழம் வாங்கறியா, வைத்தியம் பாக்கறியா?" என்று கடைக்காரப் பெண் ஒருமுறை கேட்டேவிட்டாள். வீட்டுக்கு வந்து அறுத்தால் உள்ளே வெள்ளரிக்காய் மாதிரி வெளுத்துக் கிடக்கும். அதற்கும் மனுஷர் அசர மாட்டார். "மத்ததெல்லாம் இத்தவிட மோசமா இருந்திருக்கும்" என்பார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும். அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். நான் கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவே அவரைப் பாவா என்றது. பெயரை விடுங்கள், ஆளைச் சொல்ல அவருடைய ஒரே ஒரு குணம் போதும். அந்த மனிதருக்கு எதையும் எடுக்கத் தெரியாது, தேர்ந்தெடுக்க மட்டும்தான் தெரியும்.

பஜாரில் அவருக்குக் குழாய், பைப், மோட்டார் சாமான் விற்கிற கடை இருந்தது. பாத்ரூமுக்கு ஒரு குழாய் வேண்டும் என்று வருகிறவன் முன்னால் பதினோரு குழாயை வரிசையாக வைப்பார். "இது பித்தளை, ஆனா கனம் கம்மி. இது பிளாஸ்டிக், உப்புத் தண்ணிக்குத் தாங்கும், ஆனா கைப்பிடி ஆறு மாசத்துல கழண்டுக்கும். இதுல வாஷர் சரியில்ல." வந்தவன் முழி பிதுங்கி, "வீட்ல கேட்டுகினு வரேங்க" என்று இறங்குவான். நேரே பக்கத்துக் கடையில் முதலில் கண்ணில் பட்டதை வாங்கிக்கொண்டு போவான். பாவா அவனைப் பார்த்து வருத்தப்படுவார், தனக்காக அல்ல, அவனுக்காக. "கம்பேர் பண்ணாம வாங்கிகினு போறான் பாரு, பாவம்." இந்த லட்சணத்தில் கடை எத்தனை நாள் ஓடும்? மூடிவிட்டு ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே மனை வாங்கப் போகிறாராம். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மகனை எல்.கே.ஜி.யில் சேர்த்த கதையும் உண்டு. திருவள்ளூர் வரைக்கும் போய்ப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார். ஒன்றில் மைதானம் சின்னது, ஒன்றில் வேன் டிரைவர் இளவட்டம், ஒன்றில் தலைமை ஆசிரியை அதிகம் சிரிக்கிறாள். இவர் பார்த்து முடிப்பதற்குள் எல்லா இடத்திலும் சேர்க்கை முடிந்துவிட்டது. பையன் தெருக்கோடியில் இருந்த பள்ளியிலேயே படித்தான். அக்கா முதல் நாளே சொன்ன பள்ளி அது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு வயிறு எரிந்தது வேறு ஒன்றில். நாலு பேர் கூடிய இடத்தில், தான் பெண் பார்த்த கதையை எடுத்துவிடுவார். "பதினேழு பொண்ணு பாத்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு குறை. பதினெட்டாவதுதான் இவ." அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஒரு வளைகாப்பில், "எனக்கு இன்னா குறை, அத்தயும் சொல்லிடுங்களேன்" என்று கேட்டாள். பாவா யோசித்தார். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே யோசித்தார். "மத்தவங்களோட பாக்கசொல்ல நீ பரவால்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பாவா கடையை மூடுவதற்கு முன்னால் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். எங்கள் மகள் மோனிக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது போனவர். அடுத்த விடுப்பில் வந்தபோது அவளுக்கு ஐந்து முடிந்திருந்தது. போனில் தினமும் பார்த்துப் பேசிய அப்பாதான். ஆனால் ஆறடி உயரத்தில், மீசையோடு, அத்தர் வாசனையோடு நிஜமாக ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்ததும் குழந்தை என் நைட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "அவரு எப்ப போவாரு?" என்று என் காதில் கேட்டாள். அது அவர் காதிலும் விழுந்தது. வாங்கி வந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. "அப்பா வந்ததும் உன்ன மீன் புடிக்க இட்டுகினு போறேன், நீயே புடிக்கலாம்" என்று போனில் சொல்லி வைத்திருந்தார். பள்ளிப்பட்டில் ஆற்றங்கரையில் வளர்ந்தவர், வீட்டில் தறிச் சத்தம் நின்றால் தூண்டிலோடு ஆற்றுக்கு ஓடிய ஆள். குழந்தைக்கும் அது மட்டும் மறக்கவில்லை. "மீனு எப்போ?" என்று அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள். விடுப்பு இருபத்திரண்டு நாள். அதற்குள் மகள் அவரிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆற்றில் மணல், ஏரிகளில் வெடிப்பு. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி தாண்டி மலையடிவாரத்தில், மாந்தோப்புகளுக்குள் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சின்னதாகக் குளம் வெட்டி மீன் விட்டிருப்பார்களாம், பிள்ளைகள் கரையிலிருந்தே பிடிக்கலாமாம். நாளைக்கே போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைப் பாவா காதில் போட்டது நான்தான்.

"இருமா, இரு. பச்சப் புள்ள விஷயம். நான் பாக்கறேன்" என்றார்.

நான் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மறுநாளே அங்கே வந்துவிட்டார். கையால் கட்டம் போட்டு எழுதிய நாலு பக்கம், அதை டைப் அடித்துத் தர வேண்டுமாம். குளத்தின் ஆழம், கரையின் சரிவு, நிழல், கழிவறை, பாம்பு உண்டா, குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கும்பல் வருமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், என்ன மீன். கெளுத்தி கூடாது, முள் குத்தும். ஜிலேபி மீன் உத்தமம், புழுவைக் கண்டால் யோசிக்காமல் கடிக்கும். அந்த வரியை டைப் அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மீனுக்கு இவரைவிட விவரம் இருந்தது.

நியாயமாகச் சொன்னால் அந்தப் பட்டியலில் தப்பான வரி ஒன்றுகூட இல்லை. ஐந்து வயதுக் குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவைதான் எல்லாம். அதுதான் பாவாவிடம் உள்ள தொல்லை. அவர் சொல்வது எதையும் தப்பென்று சொல்ல முடியாது. போனில் ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் வந்தவர்கள் எழுதியதைப் படித்தார், அதிலும் ஒரு ஸ்டார் போட்டதை மட்டும். "அஞ்சு ஸ்டார் போட்டவன் ஓனரோட மச்சானா இருப்பான்மா. ஒரு ஸ்டார்காரன்தான் உண்மை பேசுவான்." ஒரு ஸ்டார் மட்டுமே படிக்கிறவனுக்குப் போவதற்கு உலகத்தில் எந்த இடம் மிஞ்சும்?

படித்தது போதாதென்று நேரில் பார்க்கக் கிளம்பினார். தனியாகப் போனால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? "தம்பி, நீயும் வா. மீன் விஷயம் உனக்குத்தான் தெரியும்" என்றார். என் வீட்டுக்காரருக்கு அவர் மூத்த சகலை, எங்கள் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தியவர். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "சரிணா" என்று பைக்கில் பின்னால் ஏறினார். அவர் கையில் பாவா கடையிலிருந்து எடுத்த அரை இஞ்சு பிளாஸ்டிக் பைப் ஒன்று, ஆளுயரத்துக்கு. மோனியைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, அவள் முட்டி, இடுப்பு, தோள் எங்கே வருமோ அங்கெல்லாம் அந்தப் பைப்பில் மார்க்கரால் கோடு போட்டிருந்தார் பாவா. "மீனு புடிக்கப் போறோமா?" என்று குழந்தை குதித்தாள். "அளவெடுக்கறேன்மா, ஆடாம நில்லு" என்றார்.

ஒரு நாளைக்கு ஒரு குளம். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். பைப்பை விட்டு நாலு மூலையிலும் ஆழம் பார்ப்பார் பாவா. இங்கே பாம்பு வருமா என்று தோப்புக்காரரைக் கேட்பார். வராது என்றால் விட மாட்டார். "தவள வருமா? தவள வந்தா பாம்பும் வரும்." பிறகு என் வீட்டுக்காரரைக் கரையில் உட்கார வைத்துத் தூண்டில் போடச் சொல்லி, மீன் கடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பார். புழுவுக்கு ஒரு தடவை, மாவு உருண்டைக்கு ஒரு தடவை. "புள்ள போடசொல்ல ஏமாந்துரக் கூடாதில்ல தம்பி?" இப்படி ஏழு குளத்தில் என் புருஷன் மீன் பிடித்தார். மகள் வீட்டில் டிவி பார்த்தாள்.

தினமும் சாயங்காலம் வெயிலில் கறுத்து, மீன் வாடையோடு வந்து நிற்பார். மோனி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஏழாவது நாள் போகவில்லை. கதவோரம் நின்று, "நீங்க மட்டும் புடிச்சீங்களா?" என்று கேட்டாள். வந்ததிலிருந்து அவரிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே பாவாவுக்குப் போன் போட்டேன்.

"பாவா, பாதி லீவு போயிடுச்சு. ஏதோ ஒண்ண சொல்லுங்க, போயிட்டு வந்துடறோம்."

"அவசரப்படாதமா. ரெண்டாவது எடத்துல நெழல் நல்லா கீது. அஞ்சாவதுல ஆழம் கரெக்டா கீது. ரெண்டும் ஒரே எடத்துல அமையுதான்னு பாத்துகினு கீறேன்."

"அமையலன்னா?"

"அமையும்மா. பொறுமை வோணும்."

"பொறுமை இருக்கு பாவா. லீவுதான் இல்ல."

அவர் மூன்றாவது இடத்துக் கழிவறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

கடைசியில் ஐந்தாவது இடம் என்று முடிவானது. அடுத்தது தேதி. சனி, ஞாயிறு கூடாது, கூட்டம். முகூர்த்த நாள் கூடாது, ரோடு முழுக்கக் கல்யாண வேன். இரண்டு நாள் காலண்டரைக் கிழிக்காத குறையாகப் பார்த்துவிட்டு, ஒரு மாலை முகமெல்லாம் மலர்ந்து வந்தார். "வர்ற கிருத்திகை அன்னிக்குப் போறோம். எப்படி? அன்னிக்கு சுத்துப்பட்டுல இருக்கற குடும்பம் பூரா நம்ப மலை மேல இருக்கும். கேம்ப்ல ஈ காக்கா இருக்காது. நம்பளும் ஊரு நெரிசல்ல மாட்டாம தப்பிச்சுக்கலாம்."

வெளியூர்க்காரர்களுக்குக் கிருத்திகை என்றால் முருகன். திருத்தணிக்காரர்களான எங்களுக்கு அது பஸ். தெருமுனையை அடைத்துக்கொண்டு வரிசையாகப் பஸ் நிற்கும், ஆட்டோ கிடைக்காது, முன்பின் தெரியாதவர்கள் காவடியை எங்கள் வாசலில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். அதிலிருந்து ஒரு நாள் தப்பிக்கலாம் என்றதும் எல்லோரும் மண்டையை ஆட்டினோம். நானும்தான். அக்கா மட்டும், "எனக்கு அன்னிக்கு ஒருபொழுது. அதனால இன்னா, வெங்காயம் பூண்டு இல்லாம எலுமிச்ச சாதம் கட்டிக்கறேன்" என்றாள். கிருத்திகையன்று எங்கள் இரண்டு வீட்டிலும் முட்டைகூட நுழையாது. முந்தின நாளே கவுச்சி பட்ட பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவோம். இந்தத் தடவையும் அப்படியே கவிழ்த்துவிட்டு, தூண்டிலைப் பையில் எடுத்து வைத்தோம். வெங்காயம் வரைக்கும் யோசித்த நாலு பெரியவர்களில் ஒருவருக்கும் மீன் ஞாபகம் வரவில்லை.

விடுப்பில் பத்தொன்பதாம் நாள் அது. இடம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். குளத்தைச் சுற்றி மாமரம், சரிவான கரை, ஓரத்தில் மோனியின் முட்டியளவு தண்ணீர். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. "சொன்னேன் பாத்தியா?" என்று பாவா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கரையில் குந்தி, மோனியைத் தன் இரண்டு முட்டிக்கும் நடுவில் நிறுத்தினார். மூங்கில் கழியை அவள் கையில் கொடுத்து, தன் கையை மேலே வைத்தார். அவள் உதறவில்லை. அவர் தொட்டு அவள் விலகாமல் நின்றது அப்போதுதான். "தக்கையவே பாரு. அது உள்ள போச்சுன்னா சொல்லு" என்றார் மெதுவாக. அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். நான் தக்கையைப் பார்க்கவில்லை, அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தக்கை முங்கியது. "போச்சு! போச்சு!" என்று கத்தினாள். அவர் அவளோடு சேர்த்துக் கழியைத் தூக்கினார். உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்று தூண்டில் நரம்பின் முனையில் துள்ளியது. "நான் புடிச்சேன்! நானு!" என்று அவர் மேலேயே சாய்ந்து குதித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தோப்புக் காவல்காரர் குடத்தில் குடிதண்ணீர் கொண்டு வந்தார். தெலுங்குக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். "பாப்பா பெரிய மீனே புடிச்சிட்டாங்க! எந்த ஊரு சார்?"

"திருத்தணி" என்றார் பாவா, பெருமையாக.

மனிதர் குடத்தை இறக்கி வைத்தார். "திருத்தணியா? இன்னிக்கு கிருத்திக கதா, கிருத்திகதானே சார்? எங்க வீட்டாளுங்க அல்லாரும் உங்க மலைக்குத்தான் போயிருக்காங்க. நீங்க இங்க வந்து மீனு புடிக்கிறீங்களா?"

அவர் கேலி செய்யவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பாவாவின் முகம் செத்துப்போயிற்று. பாம்பு, தவளை, வாஷர், ஸ்டார் எல்லாம் பார்த்த மனிதர்! "ஐயோ முருகா!" என்று ஓடிப்போய், குழந்தையின் கையிலிருந்து கழியைப் பிடுங்கி, மீனோடு சேர்த்துக் குளத்தில் வீசினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். உயிரை விடுவித்துவிட்டாராம். தூண்டில் முள் மீனின் வாயிலேயே இருந்தது. நாங்கள் கிளம்புகிற வரைக்கும் அந்த மீன் மூங்கில் கழியை இழுத்துக்கொண்டு குளம் முழுக்கத் திரிந்தது. இந்தப் புண்ணியத்தை முருகன் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

மோனி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தன் வெறும் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது செய்வார் என்றுதான் பார்த்தாள். "அண்ணா..." என்று ஆரம்பித்தார் அவர். "பேசாத தம்பி, தெய்வக் குத்தம்" என்றார் பாவா. என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அவள் பார்த்தாள்.

"விடும்மா. வேற தேதி கம்பேர் பண்ணி வெக்கறேன்" என்றார் பாவா என்னிடம்.

"இன்னும் மூணு நாள்ல அவரு போறாரு பாவா."

"அடுத்த லீவுக்குச் சொல்றேன்மா. இப்பவே ஆரம்பிச்சாத்தான் நல்ல எடமா அமையும்."

எனக்கு வாயில் வந்தது எதுவும் நல்ல வார்த்தை இல்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தியதால் விழுங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வேனில் மோனி என் மடியில் இருந்தாள். முன்சீட்டில் என் வீட்டுக்காரர். "அம்மா, அவருக்குப் பெரியப்பான்னா பயமா?" என்று கேட்டாள். மெதுவாகப் பேசத் தெரிகிற வயதா அது? முன்சீட்டில் தலை திரும்பவில்லை. பாவா டிரைவரிடம், நகரி வழி நல்லதா, பள்ளிப்பட்டு வழி நல்லதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பாவாவின் மேல் எனக்கு அன்றைக்குப் புதிதாகக் கோபம் ஒன்றும் வரவில்லை. அவர் அப்படித்தான். கோபம் என் புருஷன் மேல் வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட அதிகமாக என் மேல் வந்தது. ஏழு நாள் அவரைப் பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து அக்காவிடம் பாவாவை நக்கலடித்துக்கொண்டிருந்ததைத் தவிர நான் என்ன கிழித்தேன்?

என் வீட்டுக்காரர் குவைத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். காலையில் நான் எழுந்தபோது அவரையும் காணோம், குழந்தையையும் காணோம். வாசலில் வண்டி இல்லை. போன் கட்டிலில் கிடந்தது. எட்டு மணிக்கு மேல் வந்தார்கள். மோனி அவர் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். இரண்டு பேர் காலிலும் முட்டி வரைக்கும் மண். அவள் கவுன் பாக்கெட் நிறைய நத்தை ஓடு. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர சொல்லவில்லை. எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

அப்போதுதான் பாவா வந்து வாசலில் நின்றார். கையில் புதுப் பட்டியல்.

"காலங்காத்தால எங்க போய்ட்டு வரீங்க?"

"ஏரிக்குணா" என்றார் என் வீட்டுக்காரர். "கனகம்மாசத்திரம் போற ரோட்டுல ஒண்ணு இருந்துச்சு. நிறுத்தி எறங்கிட்டோம்."

"அதுல தண்ணி ஏது தம்பி?"

"ஆங், இல்ல."

"நெழல்?"

"அதுவும் இல்லணா."

பாவா அதை அதோடு விட்டுவிட்டுப் பட்டியலை நீட்டினார். "இத்த பாரு. அடுத்த லீவுக்கு நாலு எடம் புச்சா எடுத்து வெச்சிகிறேன்."

"வேணாம்ணா" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கையை நீட்டவில்லை. இரண்டு கையாலும் மகளின் காலைப் பிடித்திருந்தார்.

பாவாவுக்குப் புரியவில்லை. நடிப்பில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அவரிடம் எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான், எப்போதாவது பாவமாகத் தோன்றுவதும் அதனால்தான். நிமிர்ந்து குழந்தையைக் கேட்டார். "தண்ணி இல்ல, மீனு இல்ல, நெழல் இல்ல. அப்புறம் எதுக்கும்மா அங்க போன?"

மோனி தோளின் மேலிருந்து அவரைக் குனிந்து பார்த்தாள். "அப்பா கூப்ட்டாரு, போனேன்" என்றாள்.

பாவா பட்டியலும் கையுமாக வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.